முத்தட்டும்னு விட்ட கண்

நாகலூர் எஸ்டேட்ல எனக்குக் காப்பிச்செடி வெட்டிவிடற கவாத்து வேலை. என் ஊட்டுக்காரி காப்பிப்பழம் பறிப்பா. செவந்ததாப் பார்த்துப் பறிக்கணும். காய் கலந்திருந்தா எடை போட்டுக் கணக்கு எழுதற ரைட்டர் கத்துவார், கூடையைத் திருப்பி விட்டுருவார். அவ கூடை திரும்பினதே இல்லை.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. எண்பதுகள்ல வலது கண்ணுல புரை விழுந்துச்சு. சேலத்து டாக்டர், "இன்னும் முத்தலை, முத்தட்டும், எடுத்துரலாம்"னார். காத்திருந்துதான் எடுத்தோம். கண்ணை அகலமா அறுத்து, புரையை முழுசா எடுத்து, தையல் போட்டாங்க. தலையை அசைக்காமப் படுத்துக் கிடந்தா. அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி.

பறிக்கிற பொம்பளைங்க சும்மா விடலை. "ஏனக்கா, காப்பிப்பழம் கொய்யாப்பழமாத் தெரியுதா?"

"உன் மூக்குந்தாண்டி நொம்பப் பெருசாத் தெரியுது"ன்னா.

அந்தக் கண்ணை வெச்சே சில வருசம் ஓடுச்சு. இடது கண்ணுலயும் புரை வந்துச்சு. போலாம்னு கூப்பிட்டேன். "ஏனுங்க, காயைப் பறிக்கச் சொல்றீங்களா? முத்தட்டும்"னா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

ஒரு நாள் வலது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு இருட்டிருச்சு. பஸ் ஏறிச் சேலம் போனோம். இந்தத் தடவை ஒரு டாக்டரம்மா. வலது கண்ணைப் பார்த்துட்டு, அது இனித் தேறாதுன்னாங்க. இடது கண்ணுக்குப் புது முறைன்னாங்க. புரையை எடுத்துட்டு உள்ளயே லென்ஸ் வெச்சிருவாங்களாம்.

"இதுக்கு முத்த வேண்டியதே இல்லைங்க. ஏன் விட்டீங்க? கண்ணுக்குள்ள பின்னாடி இருக்கற திரை எப்படி இருக்குன்னு புரையை எடுத்தாத்தான் தெரியும்"னாங்க.

எடுத்தாங்க. கட்டுப் பிரிச்சப்ப எதிர்ல நின்னேன். "ஆள் நிக்கறது தெரியுது. மூஞ்சி தெரியலை"ன்னா.

"லென்ஸ் நல்லா உட்கார்ந்திருக்கு. படம் விழற திரையைத்தான் சர்க்கரை அரிச்சிருச்சு. முன்னாலயே வந்திருந்தா லேசர் வெச்சுக் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்"னாங்க டாக்டரம்மா.

அடிவாரம் தாண்டி பஸ் மலையேறுறப்ப கேட்டா. "ரெண்டுல எது நல்ல ஆபரேசனுங்க?"

"புதுசுதான்."

"ஆமாங்க. வலியே இல்லை."

அந்த வருசமும் பறிக்க வந்தா. நான் தடுக்கலை. தடவித் தடவிப் பறிச்சா. கூடையில பாதி பச்சைக்காய். ரைட்டர் கூடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"காய் கலந்திருக்குதுங்களா?"ன்னு கேட்டா.

"இல்லம்மா, நல்லாருக்கு"ன்னு மெதுவாச் சொல்லிட்டு எடை போட்டார். அந்த மனுசன் யார்கிட்டயும் அப்படி மெதுவாப் பேசினதில்லை.

மறுநாள் விடிஞ்சதும் கூடையை எடுத்து என் கையில குடுத்தா. "பக்கத்து ஊட்டுப் புள்ளைக்குக் குடுத்துருங்க"ன்னா.