எஸ்பென் பிடுங்கிய ஒயர்

என் தம்பி எஸ்பென் மேடையில் கையைத் தூக்கினால் கீழே நிற்கிற அத்தனை ஆயிரம் பேரும் கையைத் தூக்குவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பேப்பரிலேயே படம் போட்டிருந்தார்கள். அதே கையை ஆட்டி எங்கள் வீட்டு நாயை ஒரு முறைகூட அவனால் உட்கார வைக்க முடிந்ததில்லை. அவன் கதை முழுவதுமே அப்படித்தான்.

நான் லிஸ்பெட், அவனுடைய அக்கா. ஹோப்ரோ என்ற எங்கள் சின்ன ஊரைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் பாடியதில்லை. அப்பா சர்ச்சில்கூட உதட்டை மட்டும்தான் அசைப்பார். அந்த வீட்டில் இவன் எங்கிருந்து வந்து பிறந்தானோ தெரியாது. பள்ளியை முடித்துவிட்டுப் பால் ஆலையில் சீஸ் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். அந்த வருடம் ஹேண்ட்பால் கிளப்பின் ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் போட வரவேண்டிய ஆள் வரவில்லை. நம்ம ஆள் தைரியமாக மெஷின் பின்னால் போய் நின்றான். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது, நடுவில் சட்டென்று சத்தத்தை வெட்டினான். கரண்ட் போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. பிறகு ஹாலே அந்த வரியைத் தானாகப் பாடியது, குடித்தவர்கள், குடிக்காதவர்கள் எல்லோரும். அவர்கள் பாடி முடிக்கவும் இவன் தாளத்தைத் திறந்துவிட்டான். கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் பாக்கி.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் சொன்னான்: "நிறுத்தினாத்தான் அக்கா பாடுறாங்க. போட்டுக்கிட்டே இருந்தா காதுலகூட வாங்க மாட்டாங்க."

அவன் பிழைப்பு முழுவதும் அந்த ஒரு வித்தைதான். அடித்தள அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சொந்தமாகப் பாட்டுச் செய்ய ஆரம்பித்தான். வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம், பால் ஆலையில் டப்பாக்கள் உருளுகிற சத்தம், எல்லாவற்றையும் பதிவு செய்து தாளமாக்கினான். அடுத்தவன் பாட்டைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டுவது ஒரு வேலையா என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். சொந்தப் பாட்டுதான் என்று இவனும் சொல்லிக்கொண்டிருந்தான். ஆல்போர்க் கிளப்புகள், பிறகு கோபன்ஹேகன், பிறகு ஜெர்மனி என்று போக ஆரம்பித்தான். நடுவில் டோர்த்தே என்ற நர்ஸைக் காதலித்து, இருவருக்கும் சில்யே பிறந்தாள். பெண் பிறந்த வாரம் முழுக்க வீட்டில் இருந்தான். அதற்குப் பிறகு அப்படி ஒரு வாரம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சில்யேவின் ஐந்தாவது பிறந்தநாளன்று அவன் ஸ்பெயினில் ஏதோ ஒரு தீவில் இருந்தான். காலை விமானத்தில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். டோர்த்தே பெண் உருவத்தில் பெரிய கேக் செய்து, மிட்டாய்களை ஒட்டித் தலைமுடியும் வைத்திருந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி அதன் கழுத்தை வெட்டும்போது பிள்ளைகள் எல்லோரும் வீறிட்டுக் கத்த வேண்டும், அதில்தான் பிறந்தநாளே இருக்கிறது. சில்யே வெட்டவிடவில்லை. அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனாள். அப்பா எடுக்கவில்லை, குரலைப் பதிவு செய்யச் சொன்னது போன்.

"அப்பா, எப்ப வருவ? கழுத்தை இன்னும் வெட்டல."

அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். க்ரீம் உருகி, கேக்கின் ஒரு தோள் சரிந்த பிறகு டோர்த்தேயே வெட்டினாள். பிள்ளைகள் ஒப்புக்குக் கத்தினார்கள்.

அடுத்த வாரம் எஸ்பென் ஓர் ஆளுயரக் கரடிப் பொம்மையோடு வந்தான். அதற்குள் ஹோட்டல் அறையிலேயே அந்தக் குரலை வைத்துப் பாட்டுச் செய்து முடித்திருந்தான். கேக்கின் கழுத்தைத் தள்ளிவிட்டு முதல் மூன்று வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டான். தாளம் ஏறிக்கொண்டே போகும், சட்டென்று எல்லாம் நிற்கும், குழந்தைக் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்: அப்பா, எப்ப வருவ? பிறகு பூமி அதிரும். செய்யும்போது அழுதேன் அக்கா என்றான். நம்புகிறேன். அழுததும் நிஜம்தான், பாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததும் நிஜம்தான்.

அந்தக் கோடையில் ஐரோப்பா முழுவதும் அதற்கு ஆடியது. எங்கள் மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட அந்த மூன்றையும் உருப்போட்டுப் பாடினார்கள். எஸ்பென் மேடைகளில் குழந்தைக் குரலையும் வெட்டிவிட்டுக் கையைத் தூக்குவான். அத்தனை ஆயிரம் பேரும் அவனைப் பார்த்து எப்ப வருவ என்று கேட்பார்கள். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள், போய்க்கொண்டே இருந்தான். எப்ப வருவ என்று கேட்ட பாட்டுதான் அவனை வரவிடாமல் செய்தது. டோர்த்தே சண்டை போடாமல் பிரிந்துபோனாள். அவளுக்குச் சண்டை போடவும் ஆள் வீட்டில் இருக்கவில்லையே.

சில்யே பட்ட பாடு வேறு. பள்ளிக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் வகுப்பே சேர்ந்து, "சில்யே, எப்ப வருவ?" என்று பாடும். ஹேண்ட்பாலில் அவள் பந்தைத் தவறவிட்டால் எதிர் அணிப் பெற்றோர்களே பாடினார்கள். நல்ல மனுஷி என்று பெயரெடுத்த டீச்சர்கூட வேடிக்கைக்கு ஒருமுறை பாடிவிட்டாள். பெண் சிரித்துவைப்பாள். எங்கள் ஊரில் ஒருத்தி, என் குரல் உள்ள பாட்டு எனக்கு வலிக்கிறது என்று சொன்னால், பாட்டு இருப்பதைப் பீற்றிக்கொள்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் அவள் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. பிடிக்காதென்று தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

மற்ற பாட்டுகள் எதுவும் எடுபடவில்லை. எஸ்பெனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. பெரிய மேடைகள் போய், ஊர்த் திருவிழாக் கூடாரங்களில் சாஸேஜ் கடைக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிறான். அங்கேயும் அந்த ஒன்றைத்தான் கேட்கிறார்கள். அதைப் போடாமல் இறங்கினால் பீர் டம்ளர் பறந்து வருகிறது.

இந்த வருடம் சில்யே பள்ளி இறுதியை முடித்தாள். ஜூன் கடைசியில் நான் தீவன லாரியைக் கழுவி, பச்சைக் கிளைகள் கட்டி, பள்ளி முடித்ததற்கு அடையாளமாக வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவது வழக்கம். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் பெற்றோர் வாசலில் தீனியோடு நிற்பார்கள், பிள்ளைகள் குதித்து இறங்கிக் குடித்துவிட்டு, கழிப்பறைக்கு வரிசை கட்டிவிட்டு, மறுபடி ஏறுவார்கள். இந்த முறை என் லாரியில் சில்யேவின் வகுப்பு. ஈஸ்டருக்கு என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவிடம் சொன்னாள்.

"எனக்கு எதுவும் வாங்கித் தர வேண்டாம்ப்பா. அந்த ஒரு நாள் மட்டும் அந்தப் பாட்டு என் காதுல விழக்கூடாது. அவ்வளவுதான்."

"நான் பாத்துக்கறேன்," என்றான். அவன் அப்படிச் சொல்லி முன்பும் கேட்டிருக்கிறாள். ஆனாலும் தலையாட்டினாள்.

என்ன செய்ய முடியும் அவனால்? பாட்டு கம்பெனியுடையது. கம்பெனியே மனம் வைத்தாலும் ஒவ்வொருவர் போனிலிருந்தும் அதைப் பிடுங்க முடியாது. ஆனால் இந்த ஒன்றை அவன் ஒழுங்காகத்தான் செய்தான். லாரியில் பாட்டுப் போடுகிற பொறுப்பு மால்தே என்ற பையனுடையது. என் ஷெட்டில் பிள்ளைகள் லாரியில் கட்டுவதற்காகப் பழைய படுக்கை விரிப்பில் கிண்டல் வாசகம் எழுதிக்கொண்டிருந்த அன்று, எஸ்பென் தேடி வந்து அவனைத் தனியாகக் கூப்பிட்டான். சில்யேவைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. அதனால் காரணத்தைச் சொல்லாமல் சுற்றி வளைத்தான்.

"அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்ப்பா. எத்தனையோ நல்ல பாட்டு இருக்கு. நம்ம பாட்டு எதுக்கு."

"சரி எஸ்பென், புரியுது," என்றான் மால்தே, மிகவும் மரியாதையாக.

அவனுக்கு என்ன புரிந்தது என்று எங்களுக்குத்தான் அப்போது புரியவில்லை.

அந்த நாள் நல்ல வெயில். காலையிலிருந்து எத்தனையோ வீடுகள் போனோம், அந்தப் பாட்டு ஒருமுறைகூட வரவில்லை. பக்கக் கண்ணாடியில் சில்யேவைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, எல்லாப் பாட்டுக்கும் தொண்டை கிழியப் பாடினாள். இவ்வளவு சத்தமாக அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

டோர்த்தே வீட்டுத் தெரு வந்தது. என் கேபினின் பின்பக்க ஜன்னலைத் தட்டி, மெதுவாகப் போகச் சொன்னான் மால்தே. யாருக்கோ குமட்டுகிறது போலிருக்கிறது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். வாசலில் கொடி ஏற்றியிருந்தது. எஸ்பென் வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். விடியற்காலையிலேயே வந்து, புல் வெட்டி, மேஜை போட்டு, அவனுக்குச் செய்யத் தெரிந்த ஒரே ஐட்டமான எலுமிச்சை போட்ட இனிப்பு மோரைப் பெரிய அண்டாவில் கலக்கி, பக்கத்தில் பிஸ்கெட்டும் வைத்திருந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக நேரத்துக்கு முன்னால் வந்திருக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லாரி நிற்கவும் அந்தத் தாளம் ஆரம்பித்தது.

மால்தேவுக்குப் புரிந்தது இதுதான்: மனுஷன் எவ்வளவு அடக்கம், தன் பாட்டைத் தானே வேண்டாம் என்கிறார். அப்படிப்பட்டவருக்கு அவர் வீட்டு வாசலிலேயே மரியாதை செய்துவிட வேண்டும். வகுப்பு முழுவதும் சேர்ந்து, சில்யேவுக்கும் தெரியாமல் முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அடக்கமாகப் பேசுகிறவனைத்தானே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்று நாங்கள் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறோம்.

தாளம் ஏறியது. கண்ணாடியில் சில்யேவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. எஸ்பென் ஓடி வந்தான். என் தம்பி ஓடி நான் பார்த்துப் பல வருடமாகிறது. லாரியின் பின்பக்கம் ஜெனரேட்டரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற தடித்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக் குரல் வருவதற்குள் இரண்டு கையாலும் பிடித்து அதைப் பிடுங்கிவிட்டான். அவன் முகம் எனக்குக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. நெருப்பிலிருந்து எதையோ இழுக்கிறவன் முகம் அது.

எல்லாம் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி.

பிறகு லாரியில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கிப் பாடினார்கள்.

"அப்பா, எப்ப வருவ?"

பக்கத்து வீட்டுக்காரர்களும் பாடினார்கள், கொடி பிடித்து நின்ற கிழவர்கள்கூட. எஸ்பென் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று கையைத் தூக்கினான். அவன் கையைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். இன்னும் பலமாகப் பாடினார்கள். நின்ற தாளம் மறுபடி வந்து விழும்வரை அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும் என்று அவன்தானே இத்தனை வருடமும் ஊருக்கெல்லாம் பழக்கியிருந்தான். கையில் ஒயரோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். அதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. ஒயரைத் திரும்பச் சொருகினான்.

தாளம் விழுந்தது. பிள்ளைகள் குதித்த குதியில் லாரியின் ஸ்ப்ரிங் முனகியது. இரண்டு பையன்கள் இறங்கி வந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எல்லார் கையிலும் போன்.

சில்யே ஏணியில் இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தோளிலிருந்து எஸ்பெனை இறக்கிவிட்டதும் அவன் முன்னால் வந்து நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் ஏதாவது பேசியிருப்பான்.

"இன்னிக்குமாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அடுத்த வீட்டில் காத்திருந்தார்கள், நான் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது. மோரை யாரும் தொட்டிருக்கவில்லை.

கடைசி வீடு முடிந்து மாலையில் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். மால்தேயிடம் அவன் கெஞ்சியது, நான் கண்ணாடியில் பார்த்தது, அவன் முகம், எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டாள். வெள்ளைத் தொப்பியை மடியில் வைத்து அதன் பட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீ அவரோட அக்கா. வேற என்ன சொல்வ."

வீடியோ ஊர் முழுவதும் சுற்றியது. தகப்பன் மகளுக்குக் கொடுத்த பரிசு என்று தலைப்பு. எஸ்பெனை மறுபடி பெரிய மேடைகளுக்குக் கூப்பிடுகிறார்கள், ஒயரோடு வரச் சொல்கிறார்கள். அவன் எதற்கும் பதில் போடவில்லை. அது ஒரு பிளான் இல்லை என்று ஒரே ஒரு பேட்டியில் சொல்லிப் பார்த்தான். என்ன அடக்கம் என்று எழுதினார்கள்.

சில்யே ஆகஸ்டில் ஆர்ஹுஸுக்குக் குடிபோய்விட்டாள். எனக்கு எப்போதாவது போட்டோ அனுப்புவாள். அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை, குரலைப் பதிவு செய்யச் சொல்கிறது போன். போன வாரம் நான் தீவனம் ஏற்றிக்கொண்டிருந்தபோது எஸ்பென் கூப்பிட்டான்.

"மெசேஜ் வைக்கலாம்னு பாத்தேன் அக்கா. சில்யே, அப்பா பேசறேன், வீட்லதான் இருக்கேன், எங்கயும் போகலன்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணு கேக்க வந்தேன். பாதியிலயே காதுல விழுந்துச்சு, நான் என்ன கேக்கறேன்னு. கட் பண்ணிட்டேன்."

வேறு எப்படிக் கேட்பது, நீ சொல்லு என்றான். லாரியில் தீவனம் நிறையும்வரை யோசித்துப் பார்த்தேன். எனக்கும் வேறு வார்த்தை தோன்றவில்லை.