பாபிலோனில் ஒரு பலாக்கன்று

உபதேசியார் உத்தியோகம் என்பது, ராத்திரி தூங்காதவர்களுக்கு நித்திய ஜீவனைப் பற்றி எடுத்துச் சொல்கிற உத்தியோகம். மற்ற ஊர்களில் எப்படியோ, நெய்வேலியில் அப்படித்தான். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் மூன்று ஷிப்ட். புதன்கிழமை சாயங்காலம் யார் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தாலும், பாதிப் பேர் முந்தின ராத்திரி வேலை பார்த்த களைப்பில் கண் எரிய உட்கார்ந்திருப்பார்கள். மீதிப் பேர் அன்றைய நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள். கம்பெனி பஸ் வந்துவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு பள்ளி நடத்தியவர்களே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பெடுத்த வாத்தியார்களே, சங்கக் கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசித்தவர்களே, என் வேதனை உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

எழுபதுகளின் கடைசி அது. குருவானவர் மாதம் ஒருமுறை கடலூரிலிருந்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் சபையைப் பார்த்துக்கொள்ள உபதேசியாராகிய நானும் என் சைக்கிளும். அந்த வருஷம் அவர் ஒரு உத்தரவு போட்டார். யூதா ராஜ்யம் சீரழிந்ததையும், ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனதையும் வருஷம் முழுக்க நான் பாடமாக நடத்த வேண்டும். பரலோகம், பாவமன்னிப்பு என்று ஜனங்களுக்குப் பிடித்த தலைப்புகள் எவ்வளவோ இருக்க, எனக்கு வாய்த்தது இது.

அடுத்த ஷிப்ட் பார்த்துக்கொள்ளும்

யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா கெட்டவர் இல்லை. பாபிலோனிலிருந்து வந்த விருந்தாளிகளுக்குப் பெருமைக்காகத் தன் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டிவிட்டார், அவ்வளவுதான். இதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்கே போகும், உன் வம்சத்துப் பிள்ளைகளும் போவார்கள் என்றார் தீர்க்கதரிசி. ராஜா பதறவில்லை. என் காலத்தில் சமாதானம் இருக்குமல்லவா, அது போதும் என்கிற மாதிரி பேசிவிட்டார். இந்த இடம் வந்தாலே எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளைகளுக்கு வரப்போகும் கேட்டை ஒரு மனுஷன் இப்படித் தட்டிக் கழிப்பானா என்று நான் கையை ஓங்கிக் கத்தியதில், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த செல்வின் விழித்துக்கொண்டார்.

செல்வினுக்குச் சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் கொண்டுபோகும் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கும் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கே விட்டேன், எதைப் பற்றிப் பேசினேன் என்பதெல்லாம் தூக்கத்திலேயே கேட்டிருப்பார் போல. நிதானமாகச் சொன்னார்:

"இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு உபதேசியாரே? பெல்ட்டுக்கு அடியில ரோலர் கிறீச்சுன்னு கத்தும். நமக்கும் கேக்கும். சைரன் அடிக்கப் போற நேரமாச்சே, அடுத்த ஷிப்ட் பாத்துக்கிடட்டும்னு வந்துருவோம். ராஜாவும் அதத்தான செஞ்சிருக்காரு?"

கறிவேப்பிலைகூட இல்லாத வீடு

தங்கராஜ் சார் எங்கள் சபையின் மூப்பர், சுரங்கத்தில் ஃபோர்மேன். சுழலும் பெரிய சக்கரத்தால் மண்ணை வெட்டித் தள்ளும் ராட்சத யந்திரம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அவரும் திருநெல்வேலிக்காரர்தான். அவர் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் மூலையில் இருந்ததால் சுற்றிலும் தாராளமாக இடம். அக்கம்பக்கத்தில் முருங்கை, வாழை, செம்பருத்தி என்று தழைத்துக் கிடக்க, இவர் வாசலில் வெறும் செம்மண். உள்ளே கட்டிலுக்கடியில் இரண்டு டிரங்குப் பெட்டிகள், கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரங்களோடும் துணிகளோடும் கயிறு கட்டியபடியே இருக்கும். எல்லாம் ஊருக்குப் போய்த் திறக்கவேண்டியவை.

அந்த வீட்டில்தான் நான் எரேமியா தீர்க்கதரிசியின் கடிதத்தை நடத்தினேன். சிறைப்பட்டுப் போனவர்களுக்குப் பொய்த் தீர்க்கதரிசிகள், இதோ சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். எரேமியா மட்டும், அப்படி நம்பி மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், இருக்கிற இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணம் நன்றாக இருக்கவேண்டும் என்று ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதியனுப்பினார். தோட்டம் என்ற வார்த்தை வந்தபோதெல்லாம் நான் வாசலைப் பார்த்தேன். மூப்பர் எல்லாவற்றுக்கும் ஆமென் போட்டார்.

கூட்டம் முடிந்து நேராகவே கேட்டுவிட்டேன். "மாங்கன்னு வச்சா காய்க்க அஞ்சாறு வருசம் ஆவும்லா? அதுக்குள்ள நாங்க ஊருக்குப் போயிருவோம்" என்றார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி கிரேஸ் அம்மா டம்ளரை என் கையில் கொடுத்தபடியே சொன்னார்:

"எங்க மூத்தவ தொட்டில்ல கெடக்கும்போதும் இதத்தான் சொன்னாவ. இப்ப அவளுக்கு மாப்பிள்ள பாக்குதோம்."

கடிதம் எழுதியவர் இருந்த இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் சைக்கிள் சுரங்கத்தின் ஓரமாக இருந்த ஒரு குக்கிராமத்துக்குப் போகும். முந்திரித் தோப்பிலும் வயலிலும் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்தவர்கள். இப்போது சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கூரை வேய்ந்த ஜெபவீடு, பக்கத்தில் ஒரு பலாமரம், மரத்தடியில் சில கல்லறைகள். ஜெபவீட்டைப் பெருக்கி, பாய் விரித்து, பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் அன்னம்மா. நாற்பது வயசிருக்கும். அவள் புருஷன் ஏசடியானை அந்தப் பலாமரத்தடியில்தான் அடக்கம் பண்ணியிருந்தோம்.

சுரங்கம் விரிந்துகொண்டே வந்தது. அந்தக் கிராமமும் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தள்ளி ஒரு புதுக் காலனியில் மனை கொடுத்தார்கள். மற்றவர்கள் கூரையைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அன்னம்மா மட்டும் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் எல்லா வீடும் போன பிறகு ஒற்றைப் பொம்பளை அங்கே எப்படி இருப்பாள், யந்திரம் வரும்போது என்ன ஆகும் என்று எங்களுக்கெல்லாம் பயமாக இருந்தது. நீர் பேசிப் பாரும் என்று குருவானவர் என்னை அனுப்பினார்.

நானும் எரேமியாவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். போகிற இடத்தில் வீடு கட்டு, மரம் வை, ஆண்டவர் ஆசீர்வதிப்பார் என்று என் குரலில் இருக்கிற தேனையெல்லாம் ஊற்றிச் சொன்னேன். அன்னம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசிவரை மரியாதையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள், அந்தக் கடிதத்தை எழுதியவர் எந்த ஊரில் இருந்தார் என்று. எருசலேமில் என்றேன்.

"அப்ப அவரு வூட்லயே குந்திகினு, மத்தவங்கள அங்க போயி இருங்கன்னு எழுதனாருங்களா ஐயா?"

பிடித்துக்கொண்டு வந்தது யார்

டவுன்ஷிப் ஜனங்களோடு பழகினால் மனசு இளகுமோ என்று, அடுத்த புதன்கிழமை அன்னம்மாவையும் கிராமத்துச் சபையார் சிலரையும் தங்கராஜ் சார் வீட்டுக் கூட்டத்துக்கு அழைத்து வந்தேன். வாசல் பக்கமே உட்கார்ந்துகொண்டார்கள். கிரேஸ் அம்மா எழுந்துபோய் அன்னம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

மூப்பர் சாட்சி சொல்ல எழுந்தார். "நாங்க எல்லாம் பாபிலோன்ல சிறைப்பட்டுக் கெடக்குத மாதிரிதான் இங்க கெடக்கோம். ஒரு பதனி உண்டா, நல்ல மீன் உண்டா? நம்ம பேச்சக் கேட்டுப் பதில் பேச ஆளு உண்டா?" என்று சொன்னார். அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை. அந்த ஏக்கம் எனக்கே பாவமாக இருந்தது. அன்னம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கேலி ஒரு துளியும் இல்லாமல், நிஜமான இரக்கத்தோடு, "அய்யோ, உங்கள யாரு சார் புடிச்சிகினு வந்தது?" என்று கேட்டாள்.

செல்வின் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். தங்கராஜ் சார் அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் யந்திரம் முகம் வைத்திருந்த திசை அதுதான். கூட்டம் முடிந்ததும் என் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். வந்து, மெதுவாகச் சொன்னார்:

"இத்தன நாளா நான் என்னைய யூதா தேசத்து ஆளுன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன், உபதேசியாரே."

சக்கரம் வைத்த சிம்மாசனம்

கிராமத்தில் கடைசி ஆராதனை. ஜெபவீட்டின் கூரையைப் பிரித்துவிட்டார்கள். பலாமரத்தடியில் உட்கார்ந்தோம். தட்டுமுட்டுச் சாமானெல்லாம் லாரிக்குக் காத்திருந்தது. அன்னம்மா வீட்டுச் சாமான் மட்டும் அதில் இல்லை. எனக்குப் பிரசங்கம் ஓடவில்லை. எரேமியாவைத் தொடப் பயமாக இருந்ததால் எசேக்கியேல் தீர்க்கதரிசியை எடுத்தேன்.

தேவாலயம் எருசலேமில் இருக்கிறது, ஆகவே ஆண்டவரும் அங்கேயேதான் இருப்பார், நாம்தான் அவரை விட்டுத் தூரமாக வந்துவிட்டோம் என்று சிறைப்பட்டவர்கள் நினைத்துக் கலங்கினார்கள். ஆனால் அந்த அந்நிய தேசத்து ஆற்றங்கரையிலேயே எசேக்கியேல் ஒரு தரிசனம் கண்டார். ஆண்டவருடைய சிம்மாசனத்தின் கீழே சக்கரங்கள் சுழன்றன. நீங்கள் போகிற இடத்துக்கு அவரும் வருவார், அவர் ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறவர் அல்ல, அதுதான் இதன் அர்த்தம் என்றேன். "நம்ம மைன்ஸ் மெஷினு மாதிரி சக்கரங்களா?" என்று ஒருவர் கேட்டார். அது மண்ணை வெட்டாத சக்கரம் என்றேன். எல்லாரும் கொஞ்சம் சிரித்தார்கள். இந்த வருஷத்தில் நான் நடத்தியதில் உருப்படியானது இதுதான் என்று எனக்கே தோன்றியது. அன்னம்மா சிரிக்கவில்லை. கல்லறையில் விழுந்திருந்த சருகைக் கையால் தள்ளியபடி சொன்னாள்:

"ஆண்டவருக்குச் சக்கரம் இருக்குதுங்க ஐயா. எங்க வூட்டுக்காரருக்கு ஏதுங்க?"

யோசேப்பின் எலும்புகள்

மறுநாள் காலையில் அவளே என் வீடு தேடி வந்துவிட்டாள். முந்தின வருஷம் நான் நடத்திய பாடத்தில் ஒரு கேள்வி. "யோசேப்பு செத்தப்புறம் அவரு எலும்ப எகிப்துலேர்ந்து தூக்கிகினு வந்தாங்கன்னு சொன்னீங்களே, அது நெசந்தானுங்களா?" நிஜம்தான், நாற்பது வருஷம் வனாந்தரத்தில் கூடவே சுமந்துகொண்டு போனார்கள் என்றேன். "அப்ப நான் மட்டும் ஏன் வுட்டுட்டுப் போவணும்?" என்றாள். அவள் ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று சொன்னதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். புருஷனை விட்டுப் போகமாட்டேன் என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். அவனைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குருவானவர் ஒத்துக்கொண்டார். முறைப்படி அனுமதியும் கிடைத்தது. அதற்காக நான் சைக்கிள் மிதித்த கதை வேறு. ஆனால் குழியைத் திறக்கிற நாளில் ஊரில் ஒருவருக்கும் கை வரவில்லை. ஏசடியான் அவர்களோடு கூலிக்குப் போனவன், கூடச் சிரித்தவன். மண்வெட்டியை எடுப்பதும் வைப்பதுமாக நின்றார்கள். அப்போது தங்கராஜ் சாரும் கிரேஸ் அம்மாவும் நடந்து வந்தார்கள். அன்று அவருக்கு வார விடுமுறை. செருப்பைக் கழற்றிவிட்டு, அன்னம்மாவைப் பார்த்து, "நான் தோண்டலாமாம்மா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள்.

பாதி ஆழத்துக்கு மேல் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார். கிரேஸ் அம்மா ஒரு புது வெள்ளைப் போர்வையை விரித்தார். மடிப்புக்கூடக் கலையாத போர்வை. டிரங்குப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தபோது அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அங்கே அழாதவர் யாருமில்லை. அன்னம்மா அந்த மூட்டையை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள். தங்கராஜ் சார் குழியோரத்திலேயே நின்று உள்ளங்கை மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சர்வீஸ் முழுக்க மண்ணுதான் தோண்டியிருக்கேன். இவ்வளவு மெதுவா ஒரு நாளும் தோண்டினதில்ல."

ஊருக்குப் போன கதை

புதுக் காலனியில் ஒரு நிழல் கிடையாது. ஏசடியானை மறுபடி அடக்கம் பண்ணிய இடம் மொட்டைப் பொட்டல். கிராமத்துப் பழைய பலாமரத்தின் கடைசிப் பழத்தை அறுத்தபோது அன்னம்மா எல்லா வீட்டுக்கும் கொட்டை கொடுத்திருந்தாள், மூப்பர் வீட்டுக்கும் சேர்த்து. அவர் தன் பங்கைக் கல்லறைக்குப் பக்கத்தில் ஊன்றினார். குவார்ட்டர்ஸில் வைத்தால் ரிட்டையர் ஆகும்போது விட்டுவிட்டுப் போகவேண்டுமே என்று காரணம் சொன்னார். ஊருக்குப் போகிறவர் பலாக்கன்றை மட்டும் கூடக் கொண்டுபோகப் போகிறாரா என்று நான் கேட்கவில்லை. முளைத்தது. ஆடு கடிக்காமல் இருக்க முள் கட்டினார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு நிற்பார். வேலை நாட்களில் அன்னம்மா ஊற்றுவாள்.

எண்பதுகளின் நடுவில் அவர் ரிட்டையர் ஆனார். டிரங்குப் பெட்டிகளோடு ஊருக்குப் போனார். நாங்கள் மாலை போட்டு, ஜெபம் பண்ணி, பஸ் ஏற்றி அனுப்பினோம். சில மாதம் கழித்து ஒருநாள் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்துப் பக்கம் போனால், புதிதாக எழும்புகிற ஒரு வீட்டின் சுவருக்கு மனுஷன் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். ஊரில் எல்லாரும் அவரை நெய்வேலிக்காரர் என்று கூப்பிட்டார்களாம். மகளும் இங்கேயே இருக்கிறாள், டாக்டரும் இங்கேதான் என்று காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். வழியில் பார்த்த அன்னம்மாவிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"பலா மொத தபா பிஞ்சு வுட்டிருக்குதில்லிங்க ஐயா. அத வுட்டுட்டு எப்பிடிப் போவாரு சாரு?"

சிறையிருப்பு முடிந்து வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவான பிறகும் யூதர்களில் எத்தனையோ பேர் பாபிலோனிலேயே ஏன் தங்கிவிட்டார்கள் என்று குருவானவர் ஒருமுறை என்னைக் கேட்டபோது, அது பலா காய்க்கிற பருவமாக இருந்திருக்கும் ஐயா என்று சொல்லிவிட்டு நான் சைக்கிளை எடுத்தேன்.