முக்கால் அடிச் சுவருக்கு ஒரு கொம்பு

வைத்திலிங்கம் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எந்தக் காகிதமானாலும் பின்பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் அவர் வழக்கம். "முன்பக்கத்துல ஆச காட்டுவான், பின்பக்கத்துலதான் ஆப்பு வப்பான்" என்பது முப்பத்திரண்டு வருஷம் பத்திரம் எழுதி அவர் கண்டடைந்த தத்துவம். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அச்சகத்தின் பெயரைப் பார்த்த பிறகே மாப்பிள்ளையின் பெயருக்கு வருவார்.

சிதம்பரம் மேலவீதியில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் அவர் நுழைந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒயர் இல்லாமல் இன்டர்நெட்டை இழுத்துத் தரும் வயர்லெஸ் அடாப்டர்கள் மூன்று, கண்ணாடி மேஜைமேல் தீர்ப்புக்குக் காத்திருந்தன. ஒன்று சுண்டுவிரல் நகத்தளவு. இரண்டாவது தீப்பெட்டி அளவு, தலையில் ஒரு கொம்பு. மூன்றாவது, கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து உள்ளே செருகவேண்டிய அட்டை. கடையில் விற்பனைக்கு நின்ற வினோதினி மூன்றையும் இரண்டு தடவை விளக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு எல்லை என்னாம்மா?"

"என்னா சார்?"

"எதுவரைக்கும் பாயும்? கிழமேல் எத்தினி அடி, தென்வடல் எத்தினி அடி?"

"காத்துல வர்றதுக்கு ஏது சார் கெழக்கும் மேக்கும்? மூணு ரூம் தாண்டி எடுக்கும்."

"மூணு ரூம்னு எழுதுனா கோர்ட்டுல நிக்காது. அடிக்கணக்கு வேணும்."

"கோர்ட்டுக்கா சார் வாங்குறீங்க? வூட்டுக்குன்னு சொன்னீங்க."

வைத்திலிங்கம் இதற்குச் சிரிக்கவில்லை. அவர் தொழிலில் வீடும் கோர்ட்டும் ஒரே வாசலைக் கொண்டவை.

கடலூர் செம்மண்டலத்தில் குடியிருந்து, மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதும் மனிதர் இதற்காகச் சிதம்பரம் வரை பஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை. கடலூரிலும் இதே மூன்றும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஆனால் அங்கே கடைக்காரர்களில் பாதிப்பேரின் வீட்டுப் பத்திரம் அவர் எழுதியது. "என்னா ரைட்டரே, தம்பி வூட்டுலதான் நெட்டு இருக்குதே?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்க ஒன்றேகால் மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது அவருக்கு நியாயமான செலவாகவே பட்டது.

மனிதர்களை அவர் பெயரால் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. "புவனகிரி சாமிக்கண்ணுவா? தொண்ணூத்தெட்டுல அறுநூத்திப் பன்னெண்டு தான?" என்பார். பத்திரத்தின் பதிவு எண்ணும் ஆண்டும் சொன்னால் போதும், நிலம், கிணறு, கிணற்றடித் தென்னை, அதை வைத்துச் சண்டை போட்ட மச்சான், எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரே ஒரு எண்ணை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது 2007ஆம் ஆண்டின் 2187. வைத்திலிங்கம், உத்திராபதி என்ற அண்ணன் தம்பி இருவரின் பாகப்பிரிவினைப் பத்திரம். எழுதியவர் வைத்திலிங்கமேதான்.

அவர் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்று பதிவு அலுவலக வட்டாரத்தில் பேச்சுண்டு. பதினெட்டு அடி அகலக் கூடத்தை ஆளுக்கு ஒன்பது அடியாகப் பிரித்து, நடுவே ஒரு பொதுச்சுவரை நிறுத்தி, அதற்கு அவர் போட்ட காவல் பிரசித்தம். 'மேற்படி பொதுச்சுவரில் ஒருவர் சம்மதமின்றி மற்றவர் துளையோ ஜன்னலோ மாடமோ வைக்கவும், அதன் வழியே கம்பி, குழாய், ஒயர் முதலானவை கொண்டுசெல்லவும் பாத்தியமில்லை. காற்றும் வெளிச்சமும் இருவருக்கும் பொது.' இந்த வரிகளைக் கேட்டு வாங்கி மற்ற எழுத்தர்கள் தங்கள் பத்திரங்களில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பத்திரப்படிதான் சுவர் எழும்பியது. பூச்சு வேலை முடிந்த அன்று உத்திராபதி ஒரு டேப்பை எடுத்துவந்து அளந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஊர்ப்பெயர் கூவிய தொண்டை அவருக்கு. கொத்தனார், சித்தாள், தெருவில் போன பால்காரர் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "பொதுச்சுவருன்னு எழுதிப்புட்டு முழுச் சுவத்தையும் எம் பக்கத்துலயே எழுப்பிட்டியேண்ணே! ஒனக்கு ஒம்போது, எனக்கு எட்டேகாலா?"

"எம் பத்திரத்துல தப்புன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல" என்றார் வைத்திலிங்கம். இருவரும் நேராகப் பேசிக்கொண்ட கடைசி வாக்கியம் அது. மூன்று வருஷமாகிறது.

கூடத்தின் நடுவே தொங்கிய பழைய மின்விசிறியின் கொக்கி இன்னும் உத்தரத்தில் இருக்கிறது. பொதுச்சுவர் சரிநடுவில் நின்றிருந்தால் அந்தக் கொக்கி முழுவதுமாகச் சுவருக்குள் புதைந்திருக்க வேண்டும். அதுவோ பாதி புதைந்து, பாதி வைத்திலிங்கத்தின் பக்கம் எட்டிப் பார்க்கிறது. ஒருநாள் மத்தியானம் மனைவி மங்கலம் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவரும் ஒரு டேப் பிடித்தார். சுவரின் பாதியைக்கூடக் கழிக்காத முழு ஒன்பது. டேப்பைச் சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அன்றிலிருந்து தன் கூடத்தில் அவர் அண்ணாந்து பார்ப்பதில்லை.

பேச்சுதான் நின்றதே ஒழிய சேதி நிற்கவில்லை. இரண்டு வீட்டிலும் அதற்கொரு முறை ஏற்பட்டிருந்தது. தம்பிக்குச் சொல்ல வேண்டியதை வைத்திலிங்கம் மங்கலத்திடம் உரக்கச் சொல்வார். அண்ணனுக்கு உரிய பதிலை உத்திராபதி தன் மனைவி தங்கம்மாளிடம் உரக்கச் சொல்வார். "மங்கலம்! தண்ணி வரி கட்ட நாளைக்குக் கடைசி நாளு." "தங்கம்! நாம கட்டியாச்சு." அந்த இரண்டு பெண்களோ பின்கட்டுக் குழாயடியில் ஒருத்தி கத்தரிக்காயை மற்றவள் அரிய, பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த நிலையில்தான் பத்திரம் எழுத வரும் கட்சிக்காரர்கள் புதுப் பழக்கம் பழகினார்கள். "வழிகாட்டி மதிப்ப நெட்டுல பாத்துச் சொல்லுங்க ரைட்டரே" என்று கேட்டுவிட்டு, அவர் பழைய நோட்டைப் புரட்டினால் பக்கத்து மேஜைக்கு நகர்ந்தார்கள். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, இன்டர்நெட் இல்லை. உத்திராபதியின் மகள் ரேகா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தன் முகத்தைப் பெற்றோர் பார்க்கவேண்டும் என்று தம்பி வீட்டில் ஒயர் இல்லாத இணைப்பைப் போட்டுக்கொடுத்திருந்தாள். "பகலெல்லாம் சும்மாதான் கெடக்குது, பெரியவர எடுத்துக்கச் சொல்லுக்கா" என்று குழாயடியில் தங்கம்மாள் சொல்லியிருந்தாள்.

ஒயர் இழுக்கப் பத்திரம் விடாது. தம்பியின் சம்மதம் இருந்தால் விடும், ஆனால் சம்மதத்தை வாய்திறந்து கேட்க வேண்டும். வைத்திலிங்கம் இரண்டு நாள் யோசித்து, தன் பத்திரத்தைத் தானே எதிர்த்தரப்பு வக்கீலைப்போல் படித்து, கடைசி வரியில் வழி கண்டார். காற்று இருவருக்கும் பொது. காற்றில் வருவதும் பொதுவே.

"உள்ள மாட்டுற கார்டுதான் சார் ஸ்டெடியா இருக்கும்" என்றாள் வினோதினி.

"கம்ப்யூட்டருல கம்பெனி ஒட்டுன சீல ஒடைக்கணும். ஆவாது."

"அப்ப இந்தச் சின்னது?"

"இத்துனூண்டு சொத்துக்கு எல்லைக்கல்ல எங்கம்மா நடுறது? பெருக்குனா குப்பையோட போயிடும்."

"அப்ப கொம்பு வச்சது. சுவரு தாண்டி நல்லா இழுக்கும். உங்க சுவரு எவ்ளோ கனம்?"

"முக்கால் அடி" என்றார். உடனே, யாரோ சாட்சிக்கூண்டில் அவரை வாய்தவற வைத்துவிட்டதைப்போல் நிறுத்தினார்.

"சுவத்துக்கு அந்தாண்ட யாரு வூடு?"

"தம்பி."

"கூடப்பொறந்த தம்பியா? அட, ஒரு ஒயர இழுத்து உட்டா வேல முடிஞ்சுது! இவ்ளோ நேரமா என்னா சார் பண்ணினு இருக்கீங்க?"

"பத்திரத்துல எடமில்ல."

வினோதினி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து நான்காவதாக ஒன்றை எடுத்து வைத்தாள். "அப்படின்னா இத எடுத்துக்கங்க. டேட்டா கார்டு. உள்ளயே சிம்மு இருக்கும், நேரா நெட்டு வந்துடும். கொஞ்சம் ரேட்டு ஜாஸ்தி. ஆனா தம்பி, அண்ணன் யாருகிட்டயும் போயி நிக்க வேணாம்."

பழுதில்லாத யோசனை. வைத்திலிங்கத்தின் சிக்கல் முழுவதையும் ஒரே பொருளில் தீர்த்துவைப்பது. அவர் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தார், முன்பக்கத்தைப் பார்த்தார், அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்பக்கத்தைப் படிக்கவேயில்லை.

"கொம்பு வச்சதையே குடும்மா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூஜை முடித்து, வேட்டி மாற்றி, அடாப்டரோடு வந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டார். திரையில் ஓர் ஒப்பந்தம் விரிந்தது. சம்மதம் என்று தட்டிவிட்டு எல்லாரும் கடந்துபோகும் அந்த ஆங்கில ஒப்பந்தத்தை, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி, சோற்றுவேளை தாண்டும்வரை முழுவதுமாகப் படித்த ஒரே மனிதர் செம்மண்டலத்தில் இருக்கிறார் என்பதை அந்தக் கம்பெனி அறியாது.

"சாட்சிக் கையெழுத்துக்கு எடமே உடலியே" என்று வருத்தப்பட்டார். பிறகு, "மங்கலம்! இங்க வந்து நில்லு. நீதான் சாட்சி" என்று அழைத்து, அவள் பார்க்கச் சம்மதத்தைத் தட்டினார்.

"ஒரு கொம்ப மாட்டுறதுக்கு இம்மாம் சடங்கா? நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவல" என்றாள் மங்கலம்.

கொம்பு பச்சையாகக் கண்சிமிட்டியது. திரையில் தம்பி வீட்டு இணைப்பாக ரேகாவின் பெயர் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு. பூட்டுக்குக் கீழே, ரகசிய எண்ணைக் கேட்டு ஒரு வெற்றுக்கட்டம்.

வைத்திலிங்கம் தொண்டையைச் செருமினார். "மங்கலம்! பூட்டிக் கெடக்குது! சாவி யாருகிட்ட இருக்குதோ தெரியல!"

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி முனகியது. "தங்கம்! சாவி வேணுங்குறவங்க வாயத் தொறந்து கேட்டா குடுக்கலாம்னு சொல்லு!"

"மங்கலம்! யாரும் யாருகிட்டயும் பிச்ச கேக்கல!"

"தங்கம்! யாரும் யாருக்கும் தட்டு நீட்டல!"

மங்கலம் நெற்றியில் அடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். "வாடி தங்கம், மார்க்கெட்டுக்குப் போயி வரலாம். மூணு வருஷமா இவுங்களுக்கு மைக் செட்டா இருந்து நம்ம காதுதான் செவிடாப் போச்சு. ஆளில்லாம கத்திக்கட்டும்." இரண்டு பின்கதவுகளும் சாத்தப்படும் ஓசை அடுத்தடுத்துக் கேட்டது. தெருவில் இரண்டு செருப்பு ஜோடிகள் பேசிக்கொண்டே போய்த் தேய்ந்தன.

பேச யாரும் இல்லாத இடத்தில் இரண்டு கிழவர்கள், நடுவே முக்கால் அடி.

நெடுநேரம் கழித்து அந்தப் பக்கம் குரல் வந்தது.

"தங்கம்... எழுதிக்க. ரெண்டு."

தங்கம்மாள் அந்நேரம் தெருமுனையைத் தாண்டியிருப்பாள். வைத்திலிங்கம் ஆள்காட்டி விரலால் இரண்டைத் தட்டினார்.

"ஒன்னு."

தட்டினார்.

"எட்டு."

எட்டைத் தட்டியதும் விரல் நின்றது. ஒரு ஏழு, பிறகு பாகப்பிரிவினையின் ஆண்டு: மிச்சம் ஐந்து இலக்கங்களும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாத பத்திர எண் கடலூரில் ஏது? ஊரில் எத்தனையோ எண்கள் இருக்க, தம்பி தன் வீட்டுப் பூட்டுக்கு இந்த எண்ணைத்தான் போட்டுவைத்திருக்கிறான். மகள் முகத்தைப் பார்க்க முதல்முதலாகப் பூட்டைத் திறந்தபோது இதைத்தான் தட்டியிருக்கிறான். இப்போது அவர் கடகடவென்று தட்டி முடித்துவிடலாம். கட்டம் நிரம்பிவிடும், பூட்டு திறந்துவிடும், எவரிடமும் எதையும் கேட்காமல் வைத்திலிங்கம் வென்றுவிடுவார்.

"தங்கம், எழுதிட்டியா?" என்றது சுவர்.

வைத்திலிங்கம் மூன்று வருஷத்தில் முதல்தடவையாக அண்ணாந்து பார்த்தார். கொக்கி இருந்தது, பாதி.

கீபோர்டை நகர்த்திவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் பொதுச்சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டு எழுதிட்டேன்" என்றார், உரக்க இல்லை. "அப்புறம்?"

அந்தப் பக்கம் தரையில் நாற்காலிக்கால்கள் தேயும் சத்தம் சுவர்வரை வந்து நின்றது.

"ஏழுண்ணே." அது ஊர்ப்பெயர் கூவிய தொண்டையல்ல.

வைத்திலிங்கம் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். அட்டைப்பெட்டியை முன்பக்கமாகத் திருப்பி மடியில் வைத்து, இன்றுதான் அந்த எண்ணைக் கேள்விப்படுகிறவரைப்போல் நிதானமாக ஏழு என்று எழுதிக்கொண்டு, காதைச் சுவரில் வைத்தார்.