குலவை நிற்கும் இடம்

மே மாதக் கடைசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போக எனக்கு ஆசை இல்லை; அக்காவுக்காகப் போனேன். அவள் சட்டம் படிக்கிறாள், நான் அவள் சட்டையைச் சுட்டு மாட்டிக்கொள்கிறேன். இனப்படுகொலைச் சட்டத்தில் பண்பாட்டுக்கு என்ன இடம் என்று கட்டுரை எழுதுகிறாள். அதைக் கேள்விப்பட்டு, அந்தப் பக்கத்துக் கிராமமொன்றின் வார்டு உறுப்பினர் ராணியம்மா கூப்பிட்டிருந்தார். மறுநாள் ஜமாபந்தி, தாலுகா அலுவலகத்தில் நிலக் கணக்கு பார்க்கும் நாள். கொடுக்கவேண்டிய மனுவை அக்கா ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

தஞ்சாவூரில் காலை 6.20க்கு ஏறி, மன்னார்குடியில் மாறி, திருத்துறைப்பூண்டி சேர 9.15. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். உட்கார்ந்து வந்தது முப்பதுதான். அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ 180 ரூபாய். திரும்ப வண்டி கிடைக்காது, நம்பர் வச்சுக்குங்க என்றார் ஓட்டுநர். வியாபாரத் தந்திரம் என்று சிரித்தேன். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

மனுவின் முதல் வரியிலேயே ‘இனப்படுகொலை’ இருந்தது. கூலிக்கும் குத்தகைக்கும் சண்டை நடந்த காலத்தில், ஆத்திரத்தில் ஒரு நிலக்காரர் இவர்கள் தெருவின் இடுகாட்டை உழுது வயலோடு சேர்த்துவிட்டார். பிறகு அரசு சட்டம் போட்டு, குடியிருந்தவர்களுக்கு மனைப்பட்டா கொடுத்தது. புதைந்திருந்தவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. ராணியம்மா பிறக்கும் முன்பே இறந்த அவருடைய அண்ணன் அங்கேதான் இருக்கிறான். இப்போது வாரிசுகள் அதை மனை போட்டு விற்கப்போகிறார்கள்.

அக்கா தயங்கித் தயங்கி விளக்கினாள். ஒரு கூட்டத்தை உடலளவில் இல்லாமல் ஆக்கும் நோக்கம் இருந்தால்தான் அந்தச் சட்டம் பேசும். பண்பாட்டை அழிப்பதையும் முதலில் எழுதினார்கள், பிறகு நாடுகள் கூடி எடுத்துவிட்டன. கல்லறையை அழித்தது அந்த நோக்கத்துக்குச் சாட்சியாக வரலாம். தனியாக இனப்படுகொலை ஆகாது.

“அப்ப நாங்க உயிரோட இருக்கறதுதான் கேஸுக்கு இடைஞ்சலா?” என்றார் ராணியம்மா.

அக்கா மனுவின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

இடுகாடு இருந்ததற்குக் காகிதம் உண்டா என்று அக்கா கேட்டாள். இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு என்கிற பாட்டி, கீரை ஆய்ந்துகொண்டே, “இவ்ளோ படிச்ச பொண்ணுக்கு வயலப் படிக்கத் தெரியலயே” என்றார். நடவு நடும்போது பெண்கள் குலவை போடுவார்கள். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, தாண்டியதும் மறுபடி தொடங்குவார்களாம். காரணம் தெரியாத சின்னப் பெண்களும் அப்படியேதானாம்.

எனக்குக் குறும்பு கிளம்பியது. நான்கு பெண்களைத் தனித்தனியே, ஒருவர் வைத்ததை இன்னொருவர் பார்க்காமல், குலவை நிற்கும் எல்லையில் கல் வைக்கச் சொன்னேன். ஒவ்வொருவரும் வைத்த கல்லைக் குறித்துக்கொண்டு எடுத்துவிட்டேன். உச்சி வெயில், தரிசு வயல், காலடியில் நிலவெடிப்பு. கடைசியில் பார்த்தால் நான்கு பேர் காட்டிய எல்லைக்கும் இரண்டடிதான் வித்தியாசம்.

நான்கெல்லையையும் நால்வர் பெயரையும் சேர்த்து, அக்கா மனுவைப் புதுத் தாளில் எழுத உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே பேனா நின்றது.

“அந்த வார்த்தைய விட்டுடும்மா,” என்றார் ராணியம்மா. “பழைய காயிதத்த மட்டும் எங்கிட்ட குடுத்துடு.”

நான்கு மடிப்பாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வண்டி கிடைக்காமல் திருத்துறைப்பூண்டி வரை ஆறு கிலோமீட்டரும் நடந்தோம். மறுநாள் மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை ராணியம்மா போனில் அனுப்பியிருந்தார். அதற்கு மேல் தகவல் இல்லை.

போகிறவர்களுக்கு: இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, ஆட்டோக்காரர் நம்பர். நடவு சமயத்தில் போனால், பெண்கள் சட்டென்று அமைதியாகும் இடத்தில் செல்ஃபி எடுக்காதீர்கள். கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.