எருமையின் இடது விலாவில் ஒரு தழும்பு

இரும்போடு இரும்பை ஒட்டுவதில் நம் வெல்டரை மிஞ்ச இன்னொருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். ராணுவப் பட்டறையில் வேலை பார்த்த காலம் முழுவதும், அவர் போட்ட ஒட்டு விட்டுப்போனது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சொன்னவன் பொய்யன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர்தான். ஆனால் தெறிக்கிற பொறியின் நிறத்தைப் பார்த்தே இரும்பின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்.

அவர் கைபட்ட வண்டிகளில் பேர்பெற்றது ஒரு டாங்கி. கப்பலில் வந்து இறங்கியபோது அதற்கு வெறும் எண்தான் இருந்தது. முதல் சண்டையில் குண்டுகள் சடசடவென்று மேலே விழ, அது பாட்டுக்கு எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரி நகர்ந்துபோனதாம். அன்று முதல் எல்லோருக்கும் அது 'எருமை'. அதை ஓட்டிய டிரைவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வெல்டருக்குத் தோஸ்து என்றால் வேறு எப்படி இருப்பார்?

ஒரு சண்டையில் பீரங்கிக் குண்டு ஒன்று எருமையின் இடது விலாவைப் பிளந்துவிட்டது. டிரைவர் ஏறி இறங்கும் மூடிக்குப் பக்கத்திலேயே அடி. பட்டறைக்கு இழுத்துப்போக நேரமில்லை என்று வெல்டரை வண்டி நின்ற இடத்துக்கே கூட்டிப்போனார்கள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தலைக்குமேல் பிடித்த தார்ப்பாயும் ஒழுகியது. உடைந்துகிடந்த வேறொரு டாங்கியிலிருந்து தகடு வெட்டி, ஓட்டையின்மேல் வைத்து ஒட்டினார். தண்ணீர் சொட்டச் சொட்ட, உருகிய இரும்பு வெடித்துத் தெறித்துக் கட்டி கட்டியாக நின்றுவிட்டது. பார்க்கச் சகிக்காது. ஆனால் பிடித்தது உடும்புப் பிடி. எருமை அந்த ஒட்டோடுதான் சண்டையை முடித்தது. அப்புறம் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஓட்டிப் பழகும் வண்டியாக இருந்து, கடைசியில் வெட்டுப்பட்டு உருக்காலைக்குப் போயிற்று. வெட்டினவர்களுக்கு அந்த ஒட்டுதான் ரொம்பத் தண்ணி காட்டியதாம். இதைச் சொல்லும்போது வெல்டர் மீசையைத் தடவிக்கொள்வார்.

டிரைவரின் மகள் வெல்டரின் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அதுவரை 'வாடா போடா' என்றிருந்தவர்கள் 'வாங்க சம்பந்தி, போங்க சம்பந்தி' என்று ஆனார்கள். கோபம் வந்தால் மட்டும் பழையது எட்டிப்பார்க்கும்.

போன வருடம் டிரைவருக்குக் கண்பார்வை அடியோடு போயிற்று. வெல்டர் பார்க்கப் போயிருந்தார்.

"எது போனாலும் போகட்டும் சம்பந்தி. எருமையை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்போல இருக்கு."

"அதைத்தான் உருக்கிட்டாங்களே."

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே."

"நான் செஞ்சு தரேன்" என்றார் வெல்டர்.

"பொம்மையைக் குடுத்துச் சமாளிக்கப் பாக்காதீங்க. உள்ளேயே குடியிருந்தவன் நான். எருமையா இல்லேன்னா திருப்பிக் குடுத்துடுவேன்."

போதாதா? மறுநாளே வீட்டுக் கொல்லை பட்டறை ஆகிவிட்டது. இருபதில் ஒரு பங்கு அளவு என்று முடிவு செய்தார். எண்ணெய் டின்னை வெட்டி உடம்பு, சோடா மூடிகளை முகத்தோடு முகம் ஒட்டிச் சக்கரங்கள், பழைய சைக்கிள் செயினை இரட்டையாகக் கோத்துச் சங்கிலிப் பட்டை. பீரங்கிக் குழலுக்குக் குடைக்கம்பி.

"யாரு குடை அது?" என்று வெல்டரின் வீட்டுக்காரியம்மா வந்து நின்றார்.

"நாட்டுக்குப் போச்சுன்னு நெனச்சுக்க."

"நாடு வந்து எனக்குக் குடை பிடிக்குமா?"

எல்லாம் அமைந்தது, இடது விலா ஒட்டு ஒன்றுதான் பாக்கி. அங்கேதான் வெல்டர் சறுக்கினார். தன் பேர் சொல்லப்போகிற சாமானில் அப்படி ஒரு கந்தரகோலத்தைத் தன் கையாலேயே போடுவதா? ஈயத்தை ஓடவிட்டு, அரத்தால் ராவி, வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். மழை இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே இப்படித்தானே போட்டிருப்பார்!

டிரைவர் அதை மடியில் வைத்துக்கொண்டு முதலில் பட்டையைத் தடவினார். குழலைத் தடவினார். முகம் மலர்ந்தது. இடது கை மூடிக்குப் பக்கத்தில் போயிற்று. தேடியது. மறுபடி தேடியது.

"இது எந்த வண்டி?"

"என்னது, எந்த வண்டியா? நல்லாத் தடவிப் பாருங்க!"

"தடவிட்டேன். வேற எவனோ ஓட்டுன வண்டி. எடுத்துட்டுப் போங்க."

"டேய்! வாய்க்கு வந்ததைப் பேசாதே!"

"நீ பேசாதேடா! உன் ஒட்டு எங்கேடா? அந்தக் கட்டியைப் பிடிச்சுத்தானே நான் தினம் ஏறுனேன். மத்தவன் சாமி கும்பிட்டுட்டு ஏறுவான். நான் அதைத் தொட்டுட்டு ஏறுவேன். இது விடாமப் பிடிச்சிருக்கு, நானும் விடாமப் பிடிச்சுக்குவேன்னு. அதைப் போய் வழிச்சு எடுத்துட்டியே, பாவி!"

வெல்டர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் போட்ட ஒட்டைத் திருப்பிக் கொடுத்த ஆள் அதுவரை இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஒட்டைப் பிரித்துத் திரும்பப் போட்டால் வேடிக்கையைக் கேளுங்கள், கோணலாகப் போட அவர் கைக்கு வரவில்லை! எத்தனை தரம் போட்டாலும் நேராகவே வந்து உட்கார்ந்தது. தொழில் சுத்தம் அப்படி. வீட்டுக்காரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார்.

"அன்னிக்கு மழை பெஞ்சதுன்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கீங்களே. ம், பத்தவைங்க."

அவர் ஈயத்தை உருக்க, அந்தம்மா விரல்நுனியால் தண்ணீரைத் தெளித்தார். 'சுர்ர்' என்று சீறித் தெறித்துக் கட்டி கட்டியாக நின்றது, அன்றைக்கு நின்ற மாதிரியே. வெல்டர் அரத்தைத் தூரப் போட்டார்.

இந்தத் தடவை டிரைவர் வேறெதையும் தொடவில்லை. இடது கை நேரே அங்கேதான் போயிற்று. கட்டைவிரல் ஒரு கட்டியின்மேல் ஏறி அப்படியே நின்றது.

"வந்துட்டியா" என்றார். சொன்னது வெல்டரிடம் இல்லை.

அலமாரியில் கண்ணாடிக்குள் வைக்கலாம் என்று கேட்ட மகளுக்கும் அவர் அதைக் கொடுக்கவில்லை.

வெல்டர் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தார். காய்கறிக்காரர், தபால்காரர், எதிரே வந்த யாரையும் விடவில்லை. "சம்பந்தி வீட்டுல நம்ம எருமை இருக்கு. போய் அந்த ஒட்டைத் தடவிப் பாருங்க. அப்படி ஒரு கோணல் ஒட்டு இந்த உலகத்துல வேற எவனாலும் போட முடியாது!"