காளிராஜின் புது இடுப்பும் தாய்மாமன் மடியும்

காளிராஜின் இடது இடுப்பு கெட்டுப்போன சங்கதி அவருக்குத் தெரியும் முன்னே அவர் வண்டியின் கிளச்சுக்குத் தெரிந்துவிட்டது. திருச்சுழிக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் இடையில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் குட்டியானை வண்டியில் டேங்க் ஏற்றிக் குடிதண்ணீர் விற்கிறவர் அவர். ஹாரன் கேட்டதும் பெண்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள். குடம் நிரம்புவதற்குள் எல்லோரையும் ஒரு தடவை சிரிக்க வைக்காமல் வண்டியை நகர்த்த மாட்டார். அப்பேர்ப்பட்ட ஆள் கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் "யாத்தே" என்று முனக ஆரம்பித்தார். குற்றத்தைக் கிளச்சின் மேல் போட்டு, அருப்புக்கோட்டையில் மெக்கானிக்கிடம் விட்டு கேபிளை மாற்றினார். கேபிள் புதுசானது, யாத்தே பழையபடியே இருந்தது.

கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தொடை எலும்பின் தலையில் பந்து மாதிரி ஒன்று இருக்கிறது, அது இடுப்புக் கிண்ணத்துக்குள் உருள வேண்டும், ரத்தம் பாயாததால் அந்தப் பந்து செத்துக்கொண்டிருக்கிறது, எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். காளிராஜின் மனைவி தீபலட்சுமி வீட்டுக்கு வந்ததும் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். "ஊருக்கே தண்ணி ஊத்துற மனுசனுக்கு ஒடம்புக்குள்ள பாசனம் சரியில்லையாம்."

காளிராஜும் சேர்ந்து சிரித்தார். ஆனால் ஆபரேஷன் என்றாலே அவருக்குக் குலை நடுங்கும். மாட்டுக்கு ஊசி போடுவதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் அவர். தை போகட்டும், மழை வரட்டும், மழை நிற்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். வாய் ஓயாமல் பேசிச் சிரித்தால் வலி தெரியாது என்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம். அந்த வைத்தியத்தால் ஊர் நன்றாகச் சிரித்தது, கால் இன்னும் கெட்டது.

அந்தத் தள்ளிப்போடலுக்கு முடிவு கட்டியது அவர் தங்கை அமுதவள்ளியின் மகள் ரோஷினி. காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்ட அமுதவள்ளிக்கு, இனிப் பிள்ளையே இல்லை என்று எல்லோரும் கையை விரித்தபிறகு பிறந்த குழந்தை அது. பங்குனிப் பொங்கலில் குலசாமி கோயிலில் வைத்து மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவாகி, சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். எல்லோரும் சாப்பாட்டுக்குத் தரையில் உட்கார, காளிராஜ் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றபடி தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட்டார்.

கூட வந்திருந்த அமுதவள்ளியின் மாமியார் அதைப் பார்த்துவிட்டார். "மாமன் இப்படி நின்னுக்கிட்டே இருந்தா பிள்ளைய யாரு மடியில வச்சுக் காது குத்துறது? அதுக்கென்ன, விஜயபாண்டி இருக்காகள்ல. அவுகளும் மொறைக்கு மாமன்தான."

காளிராஜ் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே திரும்பப் போட்டார்.

விஜயபாண்டி அவருடைய சித்தப்பா மகன். ஜேசிபி ஓட்டுகிறவன். ஆளும் ஜேசிபி கணக்காகத்தான் இருப்பான். சின்ன வயதிலிருந்தே எங்கே போனாலும் காளிராஜுக்கு முன்னால் போய் நிற்பது அவன் வழக்கம். அமுதவள்ளி கல்யாணப் படத்தில் பெண்ணின் கூடப்பிறந்த அண்ணன் முகம் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை விஜயபாண்டியின் தோள் மறைத்திருக்கும். சீர் கொண்டுபோகலாம், விருந்து போடலாம், மொய் செய்யலாம், எதை வேண்டுமானாலும் இன்னொருவன் செய்யலாம். தாய்மாமன் மடி மட்டும் கூடப்பிறந்தவனுக்கு உள்ளது. அந்த இடத்திலும் இந்தத் தடியன் வந்து உட்காருவதா?

"தங்கச்சி," என்றார் காளிராஜ். "பங்குனிக்கு நான் சம்மணம் போட்டு உக்காந்திருப்பேன். நீ போய் ஆகவேண்டியதப் பாரு."

மறுநாளே ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்துவிட்டார். கார்த்திகையில் வைத்துக்கொள்வதாக டாக்டர் சொன்னார். அதற்குள் பீடியை விட வேண்டும், சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும், வாக்கரைப் பிடித்து நடக்கப் பழக வேண்டும் என்று உத்தரவு. இடுப்பை மாற்ற எதற்குப் பல்லைப் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டார். வாயில் கிருமி இருந்தால் அது புது மூட்டில் போய்க் குடியேறும் என்றார்கள். மூச்சுக்காக மூன்று உருண்டைகள் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னார்கள். அதையும் தண்ணீர் வண்டியிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊரிலும் உறிஞ்சிக் காட்டினார். குடம் பிடிக்க வந்தவர்கள் குடத்தை மறந்துவிட்டு உருண்டை ஏறுகிறதா என்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஆபரேஷன் முடிந்தபிறகு என்னென்ன செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டிருந்தார். "நடக்கலாம், படி ஏறலாம், கொஞ்ச நாள் கழிச்சு வண்டி ஓட்டலாம்" என்று பதில் வந்தது. தரையில் உட்காரலாமா என்று அவர் கேட்கவே இல்லை. சோறு தின்னலாமா என்று யாராவது கேட்பார்களா? மண்ணில் உட்காருவதும் அவருக்கு அப்படித்தான்.

ஆபரேஷன் அன்று காலையில் சுகந்தி என்ற நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தார். மோதிரம், கயிறு, தாயத்து எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார். காளிராஜ் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். தாயத்தையும் கொடுத்தார். சுகந்தியின் கை அரைஞாண் கயிற்றுப் பக்கம் போனதும் கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்துவிட்டார்.

"அத மட்டும் தொடாதீக. எங்க ஊர்ல அத அறுக்கிறது செத்தவனுக்கு. நான் இன்னும் சாகல."

"இடுப்புலதான் ஆபரேஷனே. கயிறு இருந்தா உள்ளயே விட மாட்டாக."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

சிரித்துச் சிரித்து மறைத்து வைத்திருந்த பயமெல்லாம் அந்த ஒரு கறுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சுகந்தி கமுதிப் பக்கத்துக்காரர், அவருக்கும் இந்தச் சாங்கியம் தெரியும். "சரி, வேற எடத்துல ஒரு கட்டுப் போட்டுட்டு அப்புறமா இத அறுக்கிறேன். ஒடம்புல கயிறு இல்லாத நேரமே இருக்காது. போதுமா?" என்று கட்டுத் துணியில் ஒரு நாடா கிழித்தார். அவசரத்தில் அவர் அதைக் கொண்டுபோய்க் கட்டப் பார்த்த இடம் கால் பெருவிரல்.

பிணத்துக்குத்தானே கால் பெருவிரலில் கட்டுவார்கள். காளிராஜ் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தன் தவறு புரிந்ததும் சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார். தீபலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் பார்த்தால் கண்ணீரோடு காளிராஜும் சிரித்துக்கொண்டிருந்தார். நாடா இடது மணிக்கட்டுக்குப் போனது, அரைஞாண் அறுபட்டது, தள்ளுகட்டில் நகர்ந்தது.

உள்ளே முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். கண் அசத்தும் மருந்தும் கொஞ்சம் ஏறியது. அது காளிராஜை அசத்துவதற்குப் பதிலாகக் குஷிப்படுத்திவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. "ஆசாரியாரே, கதவு நெலை நேரா இருக்கான்னு பாத்து அடிங்க" என்றார். கொஞ்ச நேரத்தில், "கிளச்சு லூசா வேணும் சார்" என்றார். பிறகு சொந்தத் தொழில் ஞாபகம் வந்து, "கொடம் எடுத்தாங்க, கொடம் எடுத்தாங்க" என்று நீட்டிக் கூவ ஆரம்பித்தார். கத்தி பிடித்த கை ஆடக் கூடாது என்பதற்காக டாக்டர் வேலையை நிறுத்திச் சிரித்து முடித்துவிட்டுத் தொடர்ந்ததாகச் சுகந்தி பிற்பாடு சொன்னார்.

மறுநாள் வாக்கரைப் பிடித்து நடந்தார். வெட்டுப்பட்ட இடத்தில் காந்தல் இருந்தது, ஆனால் அந்தப் பழைய குத்தல் எங்கே என்று தேடினாலும் இல்லை. வார்டின் கடைசிக்குப் போய்த் திரும்பி, பார்க்கிற ஆளிடமெல்லாம் "பங்குனிக்குக் காதுகுத்து, வந்துருங்க" என்று அழைப்பு வைத்தார். நடைப்பயிற்சி கொடுக்க வந்தவர் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, செய்யக் கூடாதவற்றைச் சொன்னார். குந்த வைக்கக் கூடாது. காலைக் குறுக்கே போடக் கூடாது. இடுப்பைவிட முழங்கால் உயரக் கூடாது. தரையில் உட்காரவே கூடாது, மூட்டு நழுவிவிடும்.

"பங்குனி வரைக்கும்தான?"

"உங்க மூட்டுக்கு எப்பவுமே வேண்டாம்னு டாக்டர் சொல்லிருக்காரு."

காளிராஜ் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. எதற்காக இடுப்பை வெட்டிக்கொண்டாரோ அதையே அந்த இடுப்பு பறித்துக்கொண்டுவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்திராத தீபலட்சுமி, ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபின் கோயில் பூசாரி ஆண்டிச்சாமிக்குப் போன் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "சாமிக்கு முன்னால யாரும் சேர்ல உக்காந்ததில்ல காளி. கலெக்டரே வந்தாலும் மண்ணுலதான்" என்றார் பூசாரி. அதோடு காளிராஜுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று.

விஷயம் விஜயபாண்டி காதுக்குப் போய், அவன் ஒரு சாயங்காலம் வந்து நின்றான். காளிராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனசுக்குள் வெந்துகொண்டிருந்தாலும் தங்கை பிள்ளைக்குக் காது குத்தாமல் இருக்க முடியாதே.

"ஏலே, நீயே மடியில வச்சுக்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

விஜயபாண்டி சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, காளிராஜின் உள்ளங்காலிலிருந்து தொடை வரைக்கும் பிடித்தான். அப்புறம் நாற்காலியையும் அளந்தான்.

"என்னலே செய்ற?"

"சாமிக்கு முன்னால சேர் ஆகாது. உனக்குத் தரை ஆகாது. ஒரு குழி வெட்டுனா? நீ குழிக்குள்ள எறங்கி நின்னுட்டு, அப்படியே வெளிம்புல உக்காரு. உக்காந்திருக்கது மண்ணுலதான. காலு சேர்ல உக்காந்த மாதிரித் தொங்கும்."

தீபலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. காளிராஜுக்கு வரவில்லை. "ஒனக்கு எதுக்குடா இந்த மெனக்கெடு? நான் உக்காரலைன்னா மடி ஒனக்குத்தான வரப்போகுது?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு ஒன் சித்தப்பன் மகன் மடி எதுக்குண்ணே? அதுக்குன்னு ஒரு மாமன் இருக்கான்ல" என்று சொல்லிவிட்டு, மதினி கொடுத்த காபியைக் குடித்து முடித்து அவன் கிளம்பினான்.

நடைப்பயிற்சிக்காரரிடம் போனில் கேட்டார்கள். அவர் முதலில் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, உயரம் நாற்காலி அளவு இருந்து, இறங்க ஏறச் சரிவும் பிடிக்க ஆளும் இருந்தால் சரி என்றார்.

பங்குனிப் பொங்கல் காலையில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் குலசாமி கோயிலுக்குக் கரும்புகை விட்டுக்கொண்டு ஜேசிபி வந்தது. அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். சன்னதிக்கு எதிரே விஜயபாண்டி ஒரே வாரில் மண்ணை அள்ளினான். மீதியை மண்வெட்டியால் செதுக்கினான். விளிம்பு உடையாமல் உள்பக்கம் செங்கல் அடுக்கி, ஒரு பக்கம் சரிவு விட்டு, தானே இறங்கி உட்கார்ந்து குதித்துப் பார்த்தான். அவன் கனத்தையே தாங்கிய விளிம்பு வேறு யாரையும் தாங்கும்.

அமுதவள்ளியின் மாமியார் கையைப் பிசைந்தார். "நல்ல காரியத்துல குழி வெட்டி மாமனை எறக்குறாகளே, அடுக்குமா?"

ஆண்டிச்சாமி குழியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏன் அடுக்காது? வருசா வருசம் பூக்குழி வெட்டுறோம்ல. அதுல நெருப்பப் போடுறோம், இதுல மாமனைப் போடுறோம்" என்று சொல்லி விபூதியைக் குழிக்குள் தூவினார்.

பட்டு வேட்டியில் காளிராஜ் சரிவில் இறங்கினார். ஒரு பக்கம் தீபலட்சுமி, மறுபக்கம் விஜயபாண்டி. மெல்லத் திரும்பி விளிம்பில் உட்கார்ந்தார். புது இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மண், சாமிக்கு முன்னால் இருக்கிற மண். அமுதவள்ளி ரோஷினியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். வைத்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தலைமுடி இறங்கியது. ஆசாரி காதைப் பிடித்துக் கம்பியை ஏற்றியதும் பிள்ளை வீறிட்டுக் கத்தி, இரண்டு காலாலும் மாமனை உதைத்தது. குலவைச் சத்தம் காட்டைத் தூக்கியது. காளிராஜ் சிரித்தார், அழுதார், எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை.

எல்லாம் முடிந்தது. பந்திக்குக் கூப்பிட்டார்கள். காளிராஜ் அசையவில்லை. வாங்க என்றாலும் வரவில்லை, கை கொடுத்தாலும் பிடிக்கவில்லை. தீபலட்சுமிக்கு முகம் வெளுத்துவிட்டது. மூட்டு நழுவிவிட்டதோ என்று குழிக்குள் இறங்கி ஓடினாள். ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொல்லி யாரோ கத்தினார்கள்.

"எங்க வலிக்கு? சொல்லுங்க, எங்க வலிக்கு?"

காளிராஜ் விரலை உதட்டில் வைத்தார். "சத்தம் போடாத. பிள்ள தூங்குது."

சந்தனம் பூசிய மொட்டைத் தலை அவர் வயிற்றில் சாய்ந்திருந்தது. விஜயபாண்டி அண்ணனைப் பார்த்தான், ஏறுகிற வெயிலைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்து, மடிக்கு நிழல் விழுகிற மாதிரி அவருக்குப் பின்னால் போய் நின்றான்.