கேட்காமலே சொன்னது

என் கழுத்துச் சங்கிலி பறிபோன மறுநாள், காவல்துறைப் பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நடந்ததைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லும்படி கேட்டார். எந்தப் படியில் தடுத்திருக்கலாம் என்று தெரிந்தால், தனித்து வாழும் பிற பெண்களை எச்சரிக்கலாம் என்பது அவர் எண்ணம்.

வகுப்பறையில் வாக்கியங்களைப் பகுத்துக் காட்டியே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். கடைசிப் படியிலிருந்து தொடங்கினேன். சேலையைப் பார்க்கக் குனிந்தேன். பின்னால் நின்ற பெண் சங்கிலியை அறுத்தாள். அதற்குமுன், "அசல் ஜரிகையான்னு பாத்துச் சொல்லுங்கம்மா" என்று அவளுடன் வந்தவன் சேலையை என் மடியில் விரித்தான். பட்டு நெசவு ஊரான எங்கள் ஆரணியில் இவ்வேண்டுகோளை எவரும் மறுப்பதில்லை. பட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவரும் குனிந்து பார்ப்பார். அதற்கு முந்தைய நாள், திருமணத்துக்குத் தறிக்காரரிடமே நேரில் சேலை வாங்க வேண்டுமென்று இருவரும் வாயிலில் நின்று வழி கேட்டனர். உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தேன்.

"காப்பியா! நாங்க போனா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல, டீச்சர்" என்றார் ஆய்வாளர்.

காப்பி போட எழுந்தேன். "உக்காருங்க, சும்மா சொன்னேன்" என்று சிரித்துவிட்டு, தாம் எழுதிய எச்சரிக்கையைப் படித்தார்: "தனியா இருக்கீங்களான்னு யார் கேட்டாலும் பதில் சொல்லாதீங்க." நிமிர்ந்து, "இத மைக்குல சொல்லிகினே தெருத்தெருவா ஆட்டோ விட்டா போதுங்களா?" என்று கேட்டார்.

வாக்கியத்தில் பிழையில்லை, உண்மைதான் இல்லை. அதை நம்பி இன்னொருத்தி அந்தக் கேள்விக்காக விழிப்புடன் காத்திருப்பாள். கேள்வி வரவே வராது.

"அவங்க கேக்கல" என்றேன்.

"அப்புறம் எப்டி தெரிஞ்சிது?"

"நானா சொன்னேன். வீட்டுக்காரர் இல்ல, பையன் வெளிநாட்டுல, மத்தியானத்துல தெருவுல ஆள் நடமாட்டமே இருக்காதுன்னு… அவங்க கெளம்பறோம்னுதான் சொன்னாங்க. நான்தான் இன்னும் கொஞ்சம் இருங்கன்னேன்."

அவர் தாம் எழுதியதை அடித்தார்.

"பேசணும்னு தோணுனா பக்கத்து வூட்ல போய்ப் பேசுங்கன்னு போட்டுடலாமா? உங்க பக்கத்து வூட்ல யாரு?"

"ஒரு குடும்பம்."

"பேரு?"

அவர்கள் வீட்டுக் குக்கர் எப்போது கூவும், குழந்தை எப்போது அழும் என்பதெல்லாம் அறிவேன். பெயர் அறியேன்.

"சரி, அவங்களையும் விசாரிக்கணும். நீங்களும் வாங்க."

அந்த வீட்டு வாயிலில் அன்றுதான் முதன்முறையாக நின்றேன். கதவைத் திறந்த பெண் காக்கியுடையைக் கண்டு மிரண்டாள். பின்பு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க யாருங்க?" என்றாள்.